நசீமா அடைத்துவிட்ட ஏழு வெளிச்சங்கள்

அனுப்பர்பாளையத்தில் பாத்திரப் பட்டறைகளின் தட்டுச் சத்தம் ஓய்கிற இடத்தில், ஒரு சந்துக்குள், தண்டாயுதபாணியின் பிரிண்டிங் கம்பெனி இருக்கிறது. பனியனில் படம் அடித்துக் கொடுக்கும் இடம். அங்கே யாரைக் கேட்டாலும் ஒரே பேச்சாகச் சொல்வார்கள்: "நசீமாக்கா கை பட்ட ஸ்கிரீனுங்களா? கண்ணை மூடிட்டு மேசையில ஏத்துங்க."

அது என்ன கைவேலை என்று முதலில் சொல்லிவிட வேண்டும். ஒரு சட்டத்தில் மெல்லிய வலைத்துணியை இழுத்துக் கட்டி, அதன்மேல் மருந்து பூசி, படத்தின் பிலிமை வைத்து வெளிச்சம் காட்டுவார்கள். பிறகு தண்ணீர் விட்டுக் கழுவினால் படம் இருக்கிற இடத்தில் மட்டும் மருந்து கழன்று வலை திறந்துகொள்ளும். மற்ற இடமெல்லாம் அடைந்தே இருக்கும். திறந்த வழியாக மை இறங்கிப் பனியனில் படமாகும். ஆனால் பிலிமின் மேல் ஒரு தூசி உட்கார்ந்திருந்தாலும் போதும், அடைந்திருக்க வேண்டிய இடத்தில் ஊசிக்கண் அளவுக்கு ஓர் ஓட்டை விழுந்துவிடும். பின்ஹோல் என்பார்கள். கவனிக்காமல் விட்டால் அடிக்கிற பனியன் அத்தனையிலும் ஒரு வேண்டாத பொட்டு வந்து நிற்கும். வாங்குகிறவர் அந்தப் பொட்டைக் காட்டியே மூட்டையைத் திருப்பி அனுப்பிவிடுவார்.

அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேசையின்மேல் ஸ்கிரீனைப் படுக்க வைத்து, இருட்டில் எங்கே வெளிச்சம் கசிகிறது என்று தேடி, தூரிகையில் மருந்தைத் தொட்டு ஒவ்வொன்றாக அடைப்பதுதான் நசீமாவின் வேலை. பிஸ்மில்லாஹ் சொல்லித்தான் தூரிகையைத் தொடுவாள். கையில் எடுத்த வேலையைக் குறையில்லாமல் முடிப்பதும் இபாதத்தில், இறைவணக்கத்தில், ஒரு பங்கு என்று அவள் நம்பிக்கை. அதை யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை.

பிறந்தது மடத்துக்குளம் பக்கம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. பெரிய காரணம் ஒன்றுமில்லை. ஆறாம் வகுப்புக்குப் பக்கத்து ஊருக்கு நடக்க வேண்டும், கூட நடக்க வேறு பெண்பிள்ளை கிடையாது. அவ்வளவுதான். கல்யாணமாகித் திருப்பூர் வந்தாள். கணவர் காஜா மொய்தீன் காதர்பேட்டையில் ஒரு மொத்தக் கடையில் வடநாட்டு வியாபாரிகளுக்குப் பனியனைப் பிரித்துக் காட்டி விற்கிறவர். வாய் ஓயாத மனிதர். நசீமா முதலில் ஒரு கம்பெனியில் தைத்த பனியனில் நூல் பிசிறு வெட்டினாள். பிறகு கண் கூர்மையைப் பார்த்து இந்த வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். ஒரே பெண், மெஹ்ஜபின். அம்மாவுக்கு நின்றுபோன இடத்திலிருந்து அந்தப் பெண் படித்துக்கொண்டே போனாள். பன்னிரண்டு முடித்தாள், கல்லூரி முடித்தாள், அதற்கு மேலும் முடித்தாள். இப்போது பெங்களூரில் வானத்தைப் பற்றி ஆராய்ச்சி.

இதை மற்றவர்களுக்குப் புரிய வைப்பதுதான் நசீமாவுக்குப் பெரும்பாடு. பக்கத்து மேசையில் பனியன் மடிக்கிற வேலாத்தாள் ஒருநாள் கேட்டாள்.

"ஏனுங்க நசீமா, பாப்பா டாக்டருக்குப் படிக்குதுன்னு சொன்னீங்கல்ல? இந்த முட்டிவலிக்கு ஒரு மாத்திரை சொல்லச் சொல்லுங்களேன்."

"அது ஊசி போடற டாக்டர் இல்லீங்க. வானத்துல நட்சத்திரத்தப் பத்திப் படிக்கறா."

"அட, அப்படிங்களா! அப்ப சனிப்பெயர்ச்சி எப்பன்னு கேட்டுச் சொல்லுங்க. எம் பையனுக்கு ஒண்ணும் அமைய மாட்டேங்குது."

வீட்டில் காஜா மொய்தீன் வேறு மாதிரி. "இனிமேப் பெருநாளுக்குப் பிறை பார்க்கக் கமிட்டி எதுக்குங்க? நம்ம ஊட்டுலயே ஆள் இருக்கு" என்று பள்ளிவாசலில் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார். மகளின் படிப்பில் அவருக்கு அந்தப் பெருமையே போதுமானதாக இருந்தது.

நசீமாவுக்குப் போதவில்லை. தன் பெண் நாளெல்லாம் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. போன நோன்பின்போது போனில் கேட்டும் பார்த்தாள்.

"இப்ப என்னத்தக் கண்ணு பார்த்துட்டிருக்கே?"

"இருட்டு மேகம்மா. நட்சத்திரத்துக்கு நடுவுல இருக்கற மேகம்."

"மேகம் மறைச்சா ஒண்ணும் தெரியாதே சாமி. அப்பறம் என்னத்தப் பார்ப்பே?"

மெஹ்ஜபின் சிரித்துவிட்டாள். கெட்ட சிரிப்பில்லை. குழந்தை ஏதாவது கேட்டால் பெரியவர்கள் சிரிப்பார்களே, அது. "இது மழை மேகம் இல்லீங்கம்மா. சரி விடுங்க, நோன்பு தொறந்து என்ன சாப்பிட்டீங்க?" என்று பேச்சை மாற்றிவிட்டாள். அதன்பின் நசீமாவும் சாப்பாட்டைப் பற்றியே கேட்டாள். மகள் வேறு ஒரு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்ட மாதிரி இருந்தது. தட்டக் கூச்சமாக இருந்தது.

அப்படி இருக்கையில்தான் இந்த வருடம் மெஹ்ஜபினே போன் செய்தாள். அவளும் கூட வேலை செய்கிறவர்களும் ஆராய்ச்சியை வழிநடத்துகிற சாரும் ஒரு பெரிய கூட்டத்துக்குப் போகிறார்களாம். எல்லோரும் ஒரே மாதிரி பனியன் போட்டுக்கொண்டு போக வேண்டுமாம். கறுப்புப் பனியன், வெள்ளை மை, அவள் ஆராய்ச்சி செய்கிற வானத்தின் படம்.

"உங்க கம்பெனியிலயே அடிச்சுத் தருவீங்களாம்மா?"

நசீமா போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள். "நானே ஸ்கிரீனப் பார்த்து விடறேன் கண்ணு."

"ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க. படத்துல நடுவுல ஒரு பெரிய கறுப்பு இருக்கும். நட்சத்திரமே இல்லாத மாதிரி இருக்கும். ஓட்டை மாதிரித் தெரியும். பிலிம் கெட்டுப்போச்சுன்னு நெனச்சு, அங்கேயும் இங்கேயும் இருக்கற நட்சத்திரத்தை எடுத்து அதுல நெரப்பிடப் போறாங்க. கறுப்பு கறுப்பாவே இருக்கோணும்."

"நான் இருக்கறப்ப அப்படி நடக்குமா?" என்றாள் நசீமா.

பிலிம் வந்தது. பிரிண்டிங் மாஸ்டர் அருள்குமார் ஸ்கிரீன் போட்டுக் கழுவிக் காயவைத்துக் கொண்டுவந்து கொடுத்தான். நசீமா அதை விளக்கு மேசைமேல் வைத்தபோது ஒரு நிமிடம் தூரிகையை எடுக்கவே இல்லை. சட்டம் முழுக்க வெளிச்சப் புள்ளிகள். கடுகு தெளித்த மாதிரி, ரவை சிந்திய மாதிரி. இத்தனை வருடமாக வெளிச்சப் புள்ளி என்றாலே அவளுக்குக் குறை. அன்றைக்கு முதல் தடவையாக அதையே அழகென்று பார்த்தாள். "சுப்ஹானல்லாஹ்" என்றாள் தனக்குள்.

நடுவில், மகள் சொன்னபடியே, பெரிய கறுப்பு. ஓரம் கிழிந்த துணிபோல ஒரு பக்கம் நீண்டிருந்தது. அந்தக் கறுப்புக்குள் குனிந்து பார்த்தாள். சிறுசிறு கசிவுகள் தெரிந்தன. ஏழு. மற்றப் புள்ளிகளைவிட நுணுக்கம். கண் பழகாதவர்களுக்குத் தெரியவே தெரியாது.

'தூசி விழுந்துடுச்சு' என்று நினைத்தாள். கறுப்பு கறுப்பாகவே இருக்க வேண்டும் என்று பிள்ளை அத்தனை தூரம் சொல்லியிருக்கிறாளே. பிஸ்மில்லாஹ் சொல்லித் தூரிகையை எடுத்து, மூச்சை அடக்கி, ஏழையும் அடைத்தாள். சந்தேகத்துக்கு இடமில்லாமல் இன்னொரு பூச்சும் கொடுத்தாள். தன் வாழ்நாளில் இவ்வளவு சுத்தமான ஸ்கிரீன் கையை விட்டுப் போனதில்லை என்று தோன்றியது. அன்றே பனியன்களை அடித்தாகிவிட்டது. ஸ்கிரீனையும் வழக்கம்போல அடுத்த வேலைக்காகக் கழுவிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மெஹ்ஜபின் வந்தாள். ஞாயிறு காலையில் திரும்ப வேண்டும். காஜா மொய்தீன் கடையிலிருந்து வந்ததும் பனியன் ஒன்றைப் பிரித்து, விற்கிற பழக்கத்தில் துணியை விரலுக்கிடையே தேய்த்துப் பார்த்தார்.

"சரக்கு நல்ல சரக்கு. ஏங்கண்ணு, உங்க சாருக்கு என்ன சைஸ்? தொப்பை கிப்பை உண்டா?"

"கொஞ்சம் உண்டுங்க, அத்தா."

"அப்ப நட்சத்திரமெல்லாம் அவர் மேல கொஞ்சம் பெரிசாத் தெரியும். சாரைக் கூட்டத்துல முன்னாடி நிக்க வைங்க."

மெஹ்ஜபின் சிரித்தபடியே பனியனை வாங்கி மடியில் விரித்தாள். நசீமா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகளின் விரல் நட்சத்திரங்களின் மேல் போயிற்று. பிறகு கறுப்புக்குள் இறங்கியது. அங்கே மெதுவாக எதையோ தேடியது. இந்தப் பக்கம் போய் நின்றது, அந்தப் பக்கம் போய் நின்றது. பனியனை விளக்குக்கு நேராகச் சாய்த்துப் பார்த்தாள். அப்புறம் இன்னொரு பனியனை எடுத்துப் பிரித்தாள். அதிலும் விரல் அதே இடத்துக்குப் போனது.

"ரொம்ப நல்லா இருக்குங்கம்மா" என்று மடித்து வைத்துவிட்டாள்.

அவள் தூங்கப் போன பிறகும் அந்த விரல் நசீமாவின் கண்முன்னே போய்க்கொண்டிருந்தது. அப்படித் தேடுகிற விரலை அவளுக்குத் தெரியும். அது அவளுடைய விரல்தான். இருக்க வேண்டிய ஒன்று இல்லாதபோது விரல் அப்படித்தான் போகும்.

சனிக்கிழமை கம்பெனி உண்டு. போனதும் பழைய பிலிம்கள் வைக்கிற அலமாரியைத் திறந்து, அந்தப் பிலிமை எடுத்து விளக்கு மேசையில் போட்டாள். பிலிமில் எது கறுப்பாக இருக்கிறதோ அதுதான் ஸ்கிரீனில் திறக்கும். அதனால் இங்கே வானம் வெள்ளையாகவும் நட்சத்திரங்கள் கறுப்புப் பொட்டுகளாகவும் தெரிந்தன. நடுவில் இருந்த வெள்ளைப் பரப்பில், அழுத்தந்திருத்தமாக, ஏழு கறுப்புப் பொட்டுகள்.

நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். தூசியாக இருந்தால் வந்துவிடும். வரவில்லை.

உட்கார்ந்துவிட்டாள். "யா அல்லாஹ், நீ ஏத்தி வெச்ச வெளக்கை நான் அடைச்சுப்போட்டனே" என்று வாய்விட்டே சொன்னாள். வேலாத்தாள் ஓடி வந்தாள்.

"என்னங்க ஆச்சு? மயக்கமா?"

"இல்லீங்க. தப்பு பண்ணிப்போட்டேன்."

"நீங்களா? தப்பா? அதெல்லாம் அருள்குமார் பண்ணியிருப்பான். அவன் மேலயே போடுங்க" என்றாள் வேலாத்தாள். பக்கத்தில் நின்ற அருள்குமார், "அக்கா, நான் இங்கதான் நிக்கறேன்" என்றான்.

நசீமாவுக்குச் சிரிப்பு வரவில்லை. தவறு கூட அவளை அவ்வளவு சுடவில்லை. 'நல்லா இருக்குங்கம்மா' என்று மகள் மடித்து வைத்தாளே, அதுதான் சுட்டது. குழந்தை கிறுக்கிக் கொண்டுவரும் படத்தைப் பார்த்துத் தாய் சொல்வது அது. இப்படியே பனியன்கள் பெங்களூர் போய்விடும். சாரிடம் என்ன சொல்வாளோ, 'எங்கம்மா படிக்காதவங்க சார்' என்பாளோ. அப்படிச் சொல்லமாட்டாள், நல்ல பிள்ளை. ஆனால் இனி ஒருநாளும் இந்த வேலையைப் பற்றி அம்மாவிடம் வாய் திறக்கமாட்டாள். போன நோன்பில் சாத்திய கதவு இந்தப் பனியனால் ஒருசாண் திறந்திருந்தது. இன்றைக்குப் பேசாமல் விட்டால் அது அப்படியே மூடிக்கொள்ளும்.

போனை எடுத்தாள். "கண்ணு, அந்தப் பனியன் எல்லாத்தையும் எடுத்துட்டுக் கம்பெனிக்கு வர்றியா?"

"கம்பெனிக்குங்களா?" என்றாள் மெஹ்ஜபின். சின்ன வயதிலிருந்தே 'கம்பெனிப் பக்கம் வராதே, படி' என்று சொல்லி வளர்த்த அம்மா கூப்பிடுகிறாள்.

சாப்பாட்டு நேரத்தில் மெஹ்ஜபின் வந்துசேர்ந்தாள். மெஷின்கள் நின்றிருந்தன. நசீமா அவளை விளக்கு மேசைக்குக் கூட்டிப்போய்ப் பிலிமைக் காட்டினாள். ஏழு பொட்டையும் ஒவ்வொன்றாகத் தொட்டாள்.

"இதைத்தான நேத்துத் தேடினே?"

மெஹ்ஜபின் தலைகுனிந்தாள். "ஆமாங்கம்மா."

"ஏன் சொல்லல?"

"சொன்னா வருத்தப்படுவீங்க. எவ்வளவு ஆசையா அடிச்சிருக்கீங்க."

"வேற கம்பெனியில அடிச்சு இப்படி வந்திருந்தா என்ன பண்ணியிருப்பே?"

"சண்டை போட்டிருப்பேன்."

"அப்ப எங்கிட்டயும் போடு சாமி."

மெஹ்ஜபின் நிமிர்ந்து பார்த்தாள். அம்மா கேலியாகச் சொல்லவில்லை என்று தெரிந்தது. முதலில் மெதுவாகவும் பிறகு வேகமாகவும் வார்த்தை வந்தது.

"மூணு வருஷம்மா. அந்தக் கறுப்பைத்தான் மூணு வருஷமாப் பார்த்துட்டிருக்கேன். அதுக்குள்ள ஒண்ணுமே இல்லைன்னு நெனச்சுட்டிருந்த எடத்துல அந்த ஏழைக் கண்டுபிடிச்சோம். பொறந்துட்டிருக்கற நட்சத்திரம்மா அதெல்லாம். படமே அந்த ஏழுக்காகத்தான். மத்ததெல்லாம் சும்மா சுத்தி இருக்கறது. அதைப் போய்த் தூசின்னு... ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாமில்லீங்கம்மா?"

சொல்லிவிட்டுப் பயந்துபோய் நின்றாள். நசீமாவுக்கு அந்தச் சொல் பட்ட இடம் வலிக்கத்தான் செய்தது. கூடவே, நெடுநாள் சுமந்த ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரியும் இருந்தது.

"கேட்டிருக்கோணும்" என்றாள். "கேக்கப் பயமா இருந்துச்சு. இதுகூடத் தெரியாதான்னு சிரிப்பியோன்னு."

மெஹ்ஜபினுக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மாவின் பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இப்பச் சொல்லு. மேகம் மறைச்சிருக்கறப்ப உள்ள இருக்கறது எப்படித் தெரிஞ்சுது?"

மகள் சுற்றுமுற்றும் பார்த்தாள். பிரிண்டிங் மேசைக்கு மேலே, அடித்த மை உடனே காய்வதற்காக ஒரு ஹீட்டர் தொங்குகிறது. சாப்பாட்டுக்குப் போகும்போது அணைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அதன் சிவப்பு அடங்கி, வெறும் இரும்புபோல இருந்தது. மெஹ்ஜபின் அம்மாவின் கையைப் பிடித்து அதற்குக் கீழே கொண்டுபோனாள்.

"ஹீட்டர் எரியுதுங்களா?"

"எரியல. ஆனா சூடு வருதே."

"கண்ணுக்குத் தெரியல, கைக்குத் தெரியுதில்லீங்களா? அதுக்குப் பேருதான் இன்ஃப்ராரெட். அதுவும் வெளிச்சம்தான், நம்ம கண்ணுக்குத்தான் பத்தாது. எங்க தொலைநோக்கியில இருக்கற கேமரா உங்க கை மாதிரி."

அப்புறம் அவள் நிதானமாகச் சொன்னாள். அந்த மேகம் தண்ணீர் மேகமில்லை. நுண்ணிய தூசியும் கடுங்குளிர்ந்த வாயுவும் சேர்ந்தது. பின்னால் இருக்கிற நட்சத்திரங்களின் வெளிச்சத்தை அந்தத் தூசி மறித்துவிடுவதால், வானத்தில் ஓட்டை விழுந்த மாதிரித் தெரிகிறது. உண்மையில் அங்கேதான் சரக்கு அதிகம். மேகம் தன் பாரத்தாலேயே தனக்குள் சுருங்கிச் சுருங்கி, நடுவில் சூடேறி, ஒரு நட்சத்திரம் உருவாகிறது. அது உருவாகிற காலம் முழுக்கத் தூசிப்போர்வைக்குள்ளேயே இருக்கும். சாதாரண வெளிச்சம் அந்தத் தூசியைத் தாண்டி வெளியே வராது. இந்தச் சூட்டு வெளிச்சம் வந்துவிடும்.

நசீமா கையை ஹீட்டருக்குக் கீழேயே வைத்திருந்தாள். தன் பெண் வயிற்றுக்குள் இருந்தபோது, முகம் தெரியாமல், அசைவு மட்டும் தெரிந்த நாட்கள் நினைவுக்கு வந்தன. படைக்கிறவன் எதையும் மூடி வைத்துத்தான் படைக்கிறான் போலிருக்கிறது. ஆக்கி முடிந்த பிறகுதான் போர்வையை விலக்குகிறான்.

"அப்ப நான் அடிச்ச பனியன் வெறுங்கண்ணுக்குத் தெரியற வானம்தான? பொய்யில்லையே?"

"பொய்யில்லீங்கம்மா. ஆனா பாதிதான்."

"பாதியப் போட்டுட்டுக் கூட்டத்துக்குப் போக வேண்டாம்" என்று நசீமா எழுந்தாள். "அருள்குமாரு, புதுசா ஒரு ஸ்கிரீன் போட்டு அந்த ஏழ மட்டும் மேல அடிக்க முடியுமா தம்பி?"

அருள்குமார் டிபன் டப்பாவைக் கழுவியபடியே முடியாதென்று தலையாட்டினான். "மேசைய விட்டு எறக்கின பனியன் மறுபடி அதே எடத்துல உக்காராதுங்கக்கா. ஒரு நூல் தள்ளினாலும் புள்ளி எங்கியோ போயிரும். கையில வெச்சாத்தான் உண்டு."

தண்டாயுதபாணி அப்போதுதான் சாப்பிட்டுவிட்டு உள்ளே வந்தார். விஷயத்தைக் கேட்டு மோவாயைத் தடவினார்.

"ஏனுங்கம்மா, பொட்டை எடுக்கறதுக்குத்தான் உங்களை வெச்சிருக்கேன். இன்னிக்குப் பொட்டு வெக்கறேங்கறீங்க."

"இன்னிக்கு ஒருநாள் மட்டுமுங்க முதலாளி."

"வெச்சுக்குங்க, வெச்சுக்குங்க. பாப்பா, கூட்டத்துல யாராச்சும் பனியன் எங்க அடிச்சதுன்னு கேட்டா நம்ம கம்பெனி பேரச் சொல்லு. பொட்டு சரியில்லைன்னா பேரச் சொல்லாதே" என்று சொல்லி ஆபீஸுக்குள் போய்விட்டார்.

நசீமா லுஹர் தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்தாள். வெள்ளை மையை ஒரு மூடியில் ஊற்றி, இருப்பதிலேயே மெல்லிய தூரிகையைத் தேர்ந்தெடுத்தாள். மெஹ்ஜபின் லேப்டாப்பைத் திறந்து படத்தைப் பெரிதாக்கி வைத்தாள். பனியனை அட்டைமேல் இழுத்து மாட்டினார்கள். மகள் இடத்தைக் காட்டுவாள், அம்மா வைப்பாள். வைத்து முடித்த பனியனை அருள்குமார் கொண்டுபோய் ஹீட்டருக்குக் கீழே காட்டுவான்.

முதல் பனியனில் முதல் புள்ளிக்குத் தூரிகை துணியருகே போய் நின்றது. இத்தனை காலம் கறுப்பில் வெள்ளையைக் கண்டால் அழித்த கை. பிஸ்மில்லாஹ் சொல்லி வைத்தாள்.

"இது எது?"

"இதுதாங்கம்மா இருக்கறதுலயே சின்னப் புள்ள. போர்வைய விட்டு இன்னும் மூஞ்சியக்கூட வெளிய காட்டல."

"இது?"

"இது கொஞ்சம் பெரிசு. இதைச் சுத்தித் தட்டு மாதிரித் தூசி சுத்திட்டிருக்கு. நாளைக்கு அந்தத் தூசியில பூமி மாதிரி ஏதாச்சும் உண்டானாலும் ஆச்சு."

"நாளைக்குன்னா?"

"பல லட்சம் வருஷமுங்கம்மா."

"அதுக்குள்ள நான் இந்தப் பனியனை முடிச்சுப்போடுவேன்" என்றாள் நசீமா. மெஹ்ஜபின் சிரித்தாள். இந்தத் தடவை அம்மாவும் சேர்ந்து சிரித்தாள்.

நான்காவது புள்ளிக்கு வந்தபோது மகள் கொஞ்சம் தயங்கிச் சொன்னாள். "இதை நானே ஒருக்கா அழிச்சிருக்கேன். எங்க கேமராவிலயும் பின்ஹோல் மாதிரி உண்டு. ஒண்ணுமே இல்லாத எடத்துல சும்மாவே வெளிச்சமாக் காட்டும். அதையெல்லாம் தேடி அடைச்சுட்டுத்தான் படத்தைப் பார்ப்போம். மொத வருஷம் இதையும் கேமராக் கோளாறுன்னு அடைச்சுட்டேன்."

"அப்பறம் எப்படித் தெரிஞ்சுது?"

"தொலைநோக்கிய ஒரு நூல் நகத்தி மறுபடி படம் எடுப்போம். கேமராக் கோளாறா இருந்தா அது கேமராவோடவே அதே எடத்துல நிக்கும். நட்சத்திரமா இருந்தா வானத்தோட நகந்துரும். இது நகந்துச்சு. நாந்தான் அதை ஒத்துப் பார்க்காம விட்டுட்டேன். சார் ரெண்டு நாள் எங்கூடப் பேசல."

"நீ ஒரு ராத்திரிதான் பேசாம இருந்தே. உங்க சாரை விட நீ தேவலாம்."

வெயில் இறங்கியது. அஸர் தொழுகைக்கு ஒருமுறை எழுந்து போய் வந்தாள். பனியன்கள் ஒவ்வொன்றாக முடிந்துகொண்டிருந்தன. கையால் வைத்ததால் ஒன்றில் புள்ளி கொஞ்சம் பருத்திருந்தது, இன்னொன்றில் சற்று நீண்டிருந்தது. நசீமாவுக்கு அது உறுத்தியது. மகள், பரவாயில்லை, இடம் சரியாக இருக்கிறது, அதுதான் முக்கியம் என்றாள்.

கடைசிப் பனியனை மாட்டியபோது நசீமா லேப்டாப் படத்தை உற்றுப் பார்த்தாள். அது பிலிமில் இருந்த படமில்லை, இன்ஃப்ராரெட்டில் எடுத்தது. மேகம் அதில் சன்னத்துணிபோல மெலிந்து, பின்னால் உள்ள நட்சத்திரங்களும் மங்கலாகக் கசிந்து தெரிந்தன. தாங்கள் வைத்த ஏழும் அங்கே இருந்தன. கிழிந்த ஓரத்துக்கு அருகில், அதே நிறத்தில், இன்னும் ஒன்று.

"இதை ஏன் விட்டுட்டோம்?"

"அது பிலிமிலயே இல்லீங்கம்மா. நாந்தான் போடல." மெஹ்ஜபின் பெருமூச்சு விட்டாள். "அது விஷயமாத்தான் எனக்கும் சாருக்கும் சண்டை. மேகத்துக்குப் பின்னாடி தூரத்துல இருக்கற ஒரு வயசான நட்சத்திரம், தூசி வழியா வர்றதால செவந்து தெரியுதுங்கறார் அவர். உள்ள பொறந்ததுதான்னு நான் சொல்றேன். பாதி ஆளுக அவர் பக்கம். இந்தக் கூட்டத்துல அதைப் பத்தித்தான் நான் பேசப்போறேன். பயமா இருக்குதுங்கம்மா."

இத்தனை நாளும் 'சாப்பிட்டேன், தூங்கினேன், நல்லா இருக்கேன்' என்று மட்டுமே சொன்ன பெண். பயமாக இருக்கிறது என்று இப்போதுதான் சொல்கிறாள்.

நசீமா தூரிகையை மையில் தோய்த்தாள். "அவர் எதை வெச்சு அப்படிச் சொல்றார்? நீ எதை வெச்சு இப்படிச் சொல்றே? ரெண்டையும் சொல்லு."

"அது கொஞ்சம் நீளமுங்கம்மா."

"கைதான் வேலையா இருக்கு. காது சும்மாத்தான் இருக்கு."

மெஹ்ஜபின் சொல்லத் தொடங்கினாள். பின்னால் இருக்கிற நட்சத்திரம் எவ்வளவு சிவக்கலாம், அதற்கு ஒரு கணக்கு உண்டு என்றாள். போர்வைக்குள் இருக்கிற பிள்ளை அந்தக் கணக்கையும் மீறி, தன்னைச் சுற்றிய தூசியின் சூட்டால் கூடுதலாக ஒளிரும் என்றாள். அந்தக் கூடுதல் இதில் கொஞ்சம்தான் இருக்கிறது, அதுதான் தகராறு. பாதி நசீமாவுக்குப் புரிந்தது. பாதி புரியவில்லை. புரியாத இடம் வந்தபோது தூரிகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நில்லு கண்ணு. அந்தக் கூடுதல்னு சொன்னியே, அது வெளங்கல. மறுபடி சொல்லு."

மெஹ்ஜபின் முக்காலியை இன்னும் அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு, முதலிலிருந்து ஆரம்பித்தாள்.